640-ஆம் வரிக் குறிப்பைப் பார்க்க

“கப்பல் முங்கிட்டுன்னுதான் எழுதணும் பவுனு, வேற எப்பிடி எழுத—”

“எழுதுவீய, எழுதுவீய. அவனுவ கொல்லையில வேட்டிய உணத்தப் போட்டுட்டு உக்காந்திருக்கானுவ, நீங்க மாடியில உக்காந்து அவனுவள—”

“நான் முக்கலளா. அந்தக் கவிஞன் முக்கிருக்கான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே—”

“ரெண்டாயிரம் வருசமா முங்காத கப்பல், நீங்க பேனாவத் தொட்டாத்தான் முங்கும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், கீழ காப்பி குடிச்சிட்டு இருக்கானே, அவனுக்கும் தெரியும்.”

“சத்தத்தக் கொற. அவன் காதுல விழுந்து தொலைக்கப் போவுது.”

“விழட்டும். அவனுக்குத் தமிழ் புரியாதுன்னா நெனைச்சிய? என் அடுக்களையிலதான் கெடக்கான் இத்தன வருசமும்.”

இந்தச் சண்டை 2005-ஆம் வருடம் மே மாதம் புனே நகரத்துச் சாங்வியில் நடந்தது. அப்போது அந்தக் கிரேக்கக் கப்பல் சுந்தரமூர்த்தி வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் முளா ஆற்றில் வந்து நின்று ஏறக்குறைய பதினோரு வருடம் ஆகியிருந்தது. கல் நங்கூரம், இருபக்கமும் துடுப்பு, ஒட்டுப்போட்ட பாய், முப்பது முப்பத்தைந்து ஆட்கள். தண்ணீர் வரி கட்டுகிற எல்லோருக்கும் அந்தக் கப்பலைத் தெரியும். கட்டாதவர்களுக்கும் தெரியும்.

சுந்தரமூர்த்தி பாளையங்கோட்டைக்காரர். அங்கே கல்லூரியில் ஒரு பாதிரியார் கிரேக்கமும் லத்தீனும் நடத்துவதாக அறிவித்தபோது வகுப்புக்குப் போன ஒரே மாணவர் அவர். அந்தப் பாதிரியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் புனேக்கு வந்து, நகர் ரோட்டுக் கிறிஸ்தவ குருமடத்தில் குருமாணவர்களுக்குக் கிரேக்கம் கற்பித்து, நெற்றி நிறையத் திருநீறோடு சுவிசேஷத்தின் வினைச்சொற்களை விளக்கி, அங்கேயே ஓய்வு பெற்றார். மனைவி பவுன் அதே தெருப் பெண், சரித்திரம் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த மனுசன் தூக்கத்தில் என்ன முணுமுணுக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகக் கிரேக்கம் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு, அவர் முணுமுணுப்பதில் பாதி தப்பு என்றாள். அதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே உரை எழுதினார்கள். சொற்களுக்கு அவர், பொருள்களுக்கு அவள். கயிறு என்றால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை அவர் எழுதுவார், அது எந்த நாரில் திரித்தது என்பதை அவள் எழுதுவாள். ஒவ்வொரு குறிப்பின் கீழும் சு, ப என்று இரண்டு எழுத்து இருக்கும். ஒரு எழுத்து மட்டும் இருந்தால் அந்தக் குறிப்பு வீட்டைத் தாண்டாது. இது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

ஆசிரியர் பெயர் தொலைந்துபோன, ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் மட்டும் மிஞ்சிய ஒரு கடற்பாட்டுக்கு உரை வேண்டும் என்று ஹாலந்தில் ஒரு பதிப்பகம் கேட்டது. 1994 ஜூன் மாதம், முதல் மழை பெய்த அன்று, பாட்டின் முதல் சொல்லான ‘கப்பல்’ என்பதற்குச் சுந்தரமூர்த்தி அரைப் பக்கம் குறிப்பு எழுதினார். மறுநாள் காலை பவுன் சாம்பலைக் கொட்டக் கொல்லைக்குப் போனவள் திரும்பி வந்து, ஆற்றில் ஒரு கப்பலின் அடிமரம் மட்டும் கிடக்கிறது, நீங்கள் பாய்மரத்துக்கு இன்னும் எழுதவில்லையா என்று கேட்டாள். இல்லை, அது நான்காவது வரி என்றார் அவர். சரி, எழுதி முடியுங்கள், மழையில் நனைகிறது என்றாள்.

அப்படித்தான் கப்பல் வளர்ந்தது. அவர்கள் விளக்கியது வந்தது, விளக்காதது வரவில்லை. துடுப்புக்காரர்களைப் பற்றிப் பாட்டில் அடைமொழியே கிடையாது. அதனால் அவர்கள் முகமில்லாமல், வேகவைத்த உருளைக்கிழங்குபோல, முதல் மழைக்காலம் முழுவதும் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் பவுன் ஒரு பொதுக்குறிப்பு எழுதினாள்: அந்தக் கரையோரத்து ஆட்கள் வெயிலில் கறுத்தவர்கள், அடிதடியில் மூக்குடைந்தவர்கள் பலர். மறுநாள் அத்தனை பேருக்கும் முகம் வந்தது, அத்தனை பேருக்கும் மூக்கு உடைந்திருந்தது. ‘சிலர்’ என்று எழுதியிருக்கலாமே என்று அவள் பல நாள் வருத்தப்பட்டாள். அடுத்தது சாப்பாட்டுப் பிரச்சினை. அவர்கள் வாற்கோதுமை தின்றார்கள் என்று பாட்டில் இருந்தது. சாங்வியில் வாற்கோதுமைக்கு எங்கே போவது? சோறு போட்டால் தொடவில்லை. சப்பாத்தி போட்டால் முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் பவுன், ‘இங்கே வாற்கோதுமை என்பது தானியம் எதற்கும் பொதுப்பெயர்’ என்று ஒரு வரி சேர்த்தாள். அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று சுந்தரமூர்த்தி இரண்டு நாள் தேடினார், இருந்தது, சு போட்டார். அன்று மத்தியானம் கப்பல்காரர்கள் ஒரு அண்டாச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டார்கள்.

ஆதாரம் இல்லாமல் அவர் ஒரு அரை வரிகூட எழுதமாட்டார். அவருக்குத் தெய்வம், பக்தி, பிடிவாதம், குடிப்பழக்கம் எல்லாம் அது ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும் பொய்தான் என்று குருமாணவர்களிடம் வருடா வருடம் சொல்லியிருக்கிறார். ஒப்பாதபோது சண்டைபோடுவாளே ஒழிய, பவுனும் அதை உள்ளூர மதித்தாள்.

ஊர் கப்பலை ஏற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. முதலில் ஈரானிய மாணவர்கள் என்று நினைத்தார்கள். பிறகு கோரேகாவ் பார்க் ஆசிரமத்துக்கு வழி தவறி வந்த வெள்ளைக்காரர்கள் என்றார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து பாஸ்போர்ட் கேட்டார். அது எந்த வரியில் வருகிறது என்று சுந்தரமூர்த்தி உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு, எதிலும் வரவில்லை என்றார். பக்கத்து வீட்டு மராத்தி மாமி ஷிண்டே காகுதான் வழக்கை முடித்துவைத்தாள். கணபதி விசர்ஜனத்தன்று கப்பல்காரர்களைக் கூப்பிட்டு, எங்கள் பிள்ளையாரை நடு ஆற்றுக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அந்த வருடம் அந்தக் கரையில் ஒரு சிலைகூட ஓரத்துச் சேற்றில் உடைந்து கிடக்கவில்லை. மறு வருடம் போசரியிலிருந்தெல்லாம் லாரியில் சிலைகள் வந்தன. அதற்குப் பிறகு யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

கப்பலின் சுக்கான்காரன் பெயர் ஹெர்மோன். ஷிண்டே காகு ஹேமந்த் என்று கூப்பிடுவாள், அதற்கும் திரும்பிப் பார்ப்பான். மற்றவர்கள் கப்பலிலேயே கிடக்க, இவன் மட்டும் வீட்டுக்கு வந்து போனான், ஏனென்றால் பாட்டில் இவனுக்கு மட்டும்தான் பேச்சு இருந்தது. சுந்தரமூர்த்தியின் கிரேக்க உச்சரிப்பைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவர் மனம் வாடுவதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினான். பவுனிடம் தமிழ் கற்றான். பவுனின் தமிழ் எப்படியோ அப்படியே கற்றான்: “யம்மா, காப்பி ஆறிப்போவுதுல்லா” என்பான். ஒரே மகள் தேஜஸ்வினி பிறந்ததே புனேயில். அவளுக்கு அந்தத் தமிழ் வராது, அதனால் அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கப்பல் வந்தபோது அவள் பத்தாம் வகுப்பு. பிறகு எஞ்சினியரிங் முடித்து மகர்பட்டாவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆபீஸில் யாராவது கேட்டால், அப்பா அம்மாவுக்கு ஒரு ஹாபி உண்டு என்று மட்டும் சொல்வாள்.

பிழை 1996-இல் நடந்தது. எண்பத்தெட்டாம் வரியில் ‘சுக்கான்காரனின் நெற்றி கொதிக்கிறது’ என்று வருகிறது. நூற்று இருபது வருடத்துக்கு முன்னால் இதே பாட்டுக்கு உரை எழுதத் தொடங்கிய ஒரு ஜெர்மானியர் அந்த இடத்தில், ‘இந்தக் காய்ச்சல் பற்றி 640-ஆம் வரிக் குறிப்பைப் பார்க்க’ என்று போட்டிருந்தார். உரையாசிரியர்கள் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முன்னவர் கைகாட்டிய திசையில் தானும் கைகாட்டிவிட்டு, நேரே போய்ப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அன்று சுந்தரமூர்த்திக்குப் பல்வலி வேறு. அவரும் அப்படியே எழுதினார்: 640-ஆம் வரிக் குறிப்பைப் பார்க்க. சு. பவுனும் ப போட்டாள். அன்று சாயங்காலம் ஹெர்மோனுக்குக் காய்ச்சல் வந்தது.

வந்த காய்ச்சல் போகவில்லை. ஔந்தில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை, ஊசி, ரத்தப் பரிசோதனை, கஷாயம், ஷிண்டே காகுவின் திருஷ்டிப் பொட்டலம் எதுவும் பலிக்கவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 640-ஐ எட்டும்வரை இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்றார் சுந்தரமூர்த்தி. ஹெர்மோன் பொறுத்துக்கொண்டான். முதல் பாகம் 1999-இல் அச்சாகிப் பல நாட்டு நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி அந்த வரியை அழிக்க முடியாது. 2001-இல் அவர்கள் அறுநூறைத் தாண்டினார்கள். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, 612-இலிருந்து 671 வரை பிரதியில் ஒன்றுமே இல்லை. ஓர் ஏடு தொலைந்துபோயிருந்தது. அந்த எண்களெல்லாம் வெற்றிடத்துக்குப் போட்ட எண்கள். அந்த ஜெர்மானியர் அங்கே போனதும் ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்று கைகாட்டிவிட்டு, போவதற்கு முன் செத்துப்போயிருந்தார்.

வெற்றிடத்துக்கும் குறிப்பு எழுதலாம், எழுதத்தான் வேண்டும். இந்த இடத்தில் இன்னது நடந்திருக்கும் என்று சொல்வது உரையாசிரியரின் கடமை. ஆனால் அங்கே என்ன நடந்திருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. 672-ஆம் வரியில் பாட்டு மறுபடி தொடங்கும்போது, ஹெர்மோனின் தாய் கரையில் துடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். ஓரத்தில் பழங்காலத்து வாசகர் யாரோ, ‘இங்கே எல்லோரும் போனார்கள்’ என்று கிறுக்கியிருக்கிறார். ஆகவே 640-க்குக் குறிப்பு எழுதினால் கப்பலை மூழ்கடிக்க வேண்டும். எழுதாவிட்டால் ஹெர்மோனுக்குக் காய்ச்சல் போகாது.

நான்கு வருடம் சுந்தரமூர்த்தி எழுதவில்லை. 672-க்குப் பிறகு வருகிற எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பெயரடைவு தயாரித்தார். பெயரடைவை இரண்டு முறை சரிபார்த்தார். வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றால் மாடிக்குப் போய்விடுவார். கடைசியில் 2005 மே மாதம் பதிப்பகம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: ஆகஸ்டுக்குள் முடிக்காவிட்டால் மீதியை ஜெர்மனியில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுவோம். அந்த இன்னொருவர் ஏற்கெனவே ஒரு கட்டுரையில் கப்பல் மூழ்கியது என்று நான்கு பக்கம் எழுதியவர். கட்டுரைக்குக் கப்பல் அசையாது, உரையில் ஏறிவிட்டால் அங்கேயிருந்து எழுதினாலும் இங்கே மூழ்கும். சண்டை அன்றுதான் தொடங்கியது.

ஜூன் முழுக்க நீடித்தது. பவுன் பரிமாறுவாள், பேசமாட்டாள். பேசினால் சண்டையாகத்தான் பேசுவாள். காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கொல்லைக்குப் போய், கப்பல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாததுபோல உள்ளே வருவார்கள். மழை இன்னும் பிடிக்கவில்லை. ஆறு பச்சையாக, பாசியும் ஆகாயத்தாமரையுமாக, அசையாமல் கிடந்தது.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, சுந்தரமூர்த்தி அந்த ஒப்பாரியை உரக்கப் படித்துக் காட்டினார். நீயே கேள், இதைக் கேட்டுவிட்டு அவர்கள் பிழைத்தார்கள் என்று எந்த முட்டாள் சொல்வான் என்பது அவர் வாதம். ஊஞ்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்த ஹெர்மோன் அதுவரை அந்த வரிகளைக் கேட்டதில்லை. அவனை எப்போதும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். அன்று தூங்குகிறான் என்று நினைத்துவிட்டார்கள். அவன் எழுந்து உட்கார்ந்து, காய்ச்சலோடு, ஊஞ்சல் சங்கிலி குலுங்கச் சிரித்தான்.

“என்னடா சிரிக்க?” என்றாள் பவுன்.

“யம்மா, இது எங்க அம்மைல்லா!” என்றான்.

பிறகு பாதி தமிழிலும் பாதி கிரேக்கத்திலும் சொன்னான். அவன் அம்மா இப்படித்தான். உப்பு வாங்கப் பக்கத்துத் துறைக்குப் போய் அரை நாள் தாமதமானாலும் கரைக்கு வந்து அழுவாள். அதற்கென்றே பழைய துடுப்பு ஒன்றைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை, ஒப்பாரி கேட்டால், ஓஹோ ஹெர்மோன் எங்கோ போயிருக்கிறான் என்று நெசவைத் தொடர்வார்கள். அவன் கண்ணெதிரே கரையேறி வந்து நின்ற பிறகும், தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைப்பாளாம்.

பவுன் புருசனைப் பார்த்தாள். “கேட்டியளா? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?”

“பாட்டுக்குள்ள இருக்கவன் பாட்டுக்கே சாட்சி சொல்ல முடியுமாளா? எந்தப் புத்தகத்துல இருக்குன்னு போட?”

“அந்த பெல்ஜியம் சாமியாரு கண்டாலா ஸ்டேஷன்ல வடாபாவ் தின்னுக்கிட்டே சொன்னத மூணு எடத்துல போட்டிருக்கீய. பேர எழுதி, ‘நேர்ப்பேச்சில்’னு போட்டிருக்கீய. அது எந்தப் புத்தகம்?”

அது உண்மைதான். அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. யாராவது வாய்வார்த்தையாக ஒரு கருத்தைச் சொன்னால், சொன்னவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘நேர்ப்பேச்சில்’ என்று குறிப்பிட்டால் போதும், உலகம் ஒப்புக்கொள்ளும்.

“அவரு படிச்சவரு” என்றார் சுந்தரமூர்த்தி, பலவீனமாக.

“இவன் பெத்த தாயப் பத்திப் பேசுதான். அதுக்கு என்ன எம்.ஏ.வா வேணும்?” என்று சொல்லிவிட்டு, காப்பி போட அடுக்களைக்குள் போனாள். ஜெயித்த வேகத்தில் பாத்திரங்கள் சத்தமாக உருண்டன.

ஹெர்மோன் இன்னொரு முறை படியுங்கள் என்றான். தாய் குரலைக் கேட்டு எத்தனை வருடமாகிவிட்டது என்றான். சுந்தரமூர்த்தி முதலிலிருந்து படித்தார். இந்த முறை அவன் சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அவள் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு வந்தான். கடைசி மூன்று வரி வந்ததும் உதடு நின்றுவிட்டது. ஊஞ்சலும் நின்றது. அடுக்களையில் பால் பொங்கும் வாசனை வந்தது.

“ஐயா,” என்றான் மெல்ல, “இந்தக் கடைசி மூணு வரி... இத எங்க அம்மை சொல்லி நான் கேட்டதே இல்ல.”

அதற்குள் பவுன் தம்ளர்களோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் காப்பியை வாங்கிக் குடித்தார்கள்.

அதன் பிறகு சுந்தரமூர்த்தி தூங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். வழக்கமான அழுகையில் இல்லாத மூன்று வரி இருக்கிறது என்றால், அந்த முறை அவள் நிஜமாகவே அழுதிருக்கிறாள். பவுன் அவருக்கு அஜீரணம் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அவர் பேனாவை எடுப்பார், மூடியைத் திறப்பார், மூடுவார். நேர்ப்பேச்சில் சொன்னதைப் போடுவதென்றால் சொன்னது முழுவதையும் போட வேண்டும், முதல் முறை சொன்னதைப் போட்டு இரண்டாம் முறை சொன்னதை விடுவதற்கு அந்தத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. குருமாணவர்களுக்கு அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு அடிக்கோடிட்டவர் அவர். ஹெர்மோன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற நேரம் குறைந்தது. கப்பலிலேயே இருந்து பாயை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மழை பிடித்தது. ஜூலைக் கடைசியில் நாள்கணக்கில் நிற்காமல் பெய்தது. அணைகளைத் திறக்கிறார்கள், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து மராத்தியில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஷிண்டே காகு டிவியை மாடிக்குத் தூக்கினாள். காலை பத்து மணிக்குக் கொல்லை முழுகியது. மத்தியானம் தண்ணீர் அடுக்களைக்குள் வந்து, பவுனின் பருப்பு டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்துக்கு மிதந்து வந்தன. கப்பல் வீட்டின் மாடி உயரத்துக்கு எழுந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அதன் மரங்கள் முனகின. துடுப்புக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நங்கூரக் கயிறு பவுன் எழுதிய நாரில்தான் திரிக்கப்பட்டிருந்தது, அது எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஹெர்மோன் காய்ச்சலோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிற்க முடியாமல் இடுப்பில் கயிறு கட்டியிருந்தான்.

பவுன் மாடி ஜன்னலில் நின்றாள். “இந்த மாதிரி எங்கேயாவது அறுத்துக்கிட்டுப் போச்சுன்னா அது எழுதாமலே முங்கும். சொல்லிட்டேன்” என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை.

மின்சாரம் இல்லை, டெலிபோன் மட்டும் வேலை செய்தது. சுந்தரமூர்த்தி மகர்பட்டாவுக்குப் போன் போட்டார். புத்தகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் தேஜஸ்வினிதான், கடைசிப் பிரதி அவளிடம்தான் இருந்தது. சாங்வி வெள்ளத்தை டிவியில் பார்த்து அவள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா, தண்ணி எவ்ளோ வந்துச்சு? நீங்க ரெண்டு பேரும் மேலேதானே? நான் இப்போ நிகல்—”

“எங்கேயும் கிளம்பாத. ஒக்காரு. அறுநூத்தி நாப்பது. நான் சொல்லச் சொல்ல அடி.”

“இப்பவா? அப்பா, பாகல் ஆயிட்டீங்களா? பைத்தியமா?”

“அடிளா!”

அவர் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கப்பல் கயிற்றை இழுத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் புரண்டது. ‘இவ்விடத்தில் கப்பல் மூழ்கியது என்பர். தாயின் ஒப்பாரியையும் ஓரக்கிறுக்கலையும் தவிர அதற்குச் சான்றில்லை. கிறுக்கியவர் ஒப்பாரியை நம்பிக் கிறுக்கினார். ஒப்பாரியோ சான்றாகாது, அவள் எப்போதும் அப்படித்தான் அழுவாள் (ஹெர்மோன், நேர்ப்பேச்சில்).’ அங்கே ஒரு நிமிடம் நிறுத்தினார். ஹலோ, ஹலோ, லைன் இருக்கா என்றாள் தேஜஸ்வினி. இருக்கு என்றார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததையும், சொல்லாமல் விட்டதையும் பவுன் பார்த்தாள். பிறகு அவர் தொடர்ந்தார்: ‘88-ஆம் வரியில் கண்ட காய்ச்சல் இங்கே தணிகிறது, இல்லாவிட்டால் சுக்கானைப் பிடிக்க இயலாது. காற்று எழுகிறது. கப்பல் போகிறது. சு.’

போனைப் பவுனிடம் நீட்டினார். “ப” என்றாள் பவுன்.

“அனுப்பட்டுமா?” என்றாள் தேஜஸ்வினி. “அனுப்பு” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். வெகு நாளைக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

சாங்வியில் அன்று மேற்கிலிருந்து காற்று எழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பாய் விரிந்தது. ஹெர்மோன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். மறுபடியும் தொட்டுப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்து ஏதோ கத்தினான், மழையில் கேட்கவில்லை. பவுன் கையை ஆட்டி, பார்த்துப் போ, பாலத்தில் இடித்துக்கொள்ளாதே என்று கத்தினாள், அது அவனுக்குக் கேட்டிருக்காது. கப்பல் தாபோடிப் பாலத்துக்கு மேலாகவே போனது என்று பாலத்தில் நின்ற ரிக்ஷாக்காரர்கள் சொன்னார்கள். வெள்ளம் அவ்வளவு உயரம் என்றார்கள். பவுனுக்குக் கவலை வேறு. முளா முத்தாவோடு சேர்ந்து, பீமாவில் விழுந்து, கிருஷ்ணாவோடு கிழக்கே வங்கக் கடலுக்குப் போகிறது. அவர்கள் ஊர் மேற்கே இருக்கிறது. அது எப்படிச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று கேட்டாள். அதற்குப் பாட்டில் வரி இல்லை என்றார் சுந்தரமூர்த்தி.

இரண்டாம் பாகம் 2007-இல் வந்தது. மதிப்புரை எழுதியவர்கள் பெயரடைவைப் பாராட்டினார்கள். கப்பல் மூழ்கியது என்று நான்கு பக்கம் எழுதிய அந்த ஜெர்மானிய அறிஞர் மட்டும், ஹெர்மோன் என்ற பெயரில் தனக்குத் தெரிந்து எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆள் இல்லையே என்று கேட்டிருந்தார். ஆற்றில் கப்பல் நின்ற இடத்தில், கப்பல் அளவுக்கு, இன்றுவரை ஆகாயத்தாமரை முளைப்பதில்லை. பிள்ளையார்களை இப்போது தீயணைப்புப் படைக்காரர்கள் கொண்டுபோகிறார்கள், ஷிண்டே காகுவுக்குத் திருப்தியில்லை. வெள்ளம் வடிந்த அன்று கொல்லைச் சேற்றில் ஒரு துடுப்பு கிடந்தது. பவுன் அதைக் கழுவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தாள். அது காய்வதே இல்லை. அதிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறாள், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கொல்லையில் கொட்டுவாள். துடுப்பு நனைந்திருக்கிறது என்றால் துழாவுகிறார்கள் என்று அர்த்தம் என்றார் சுந்தரமூர்த்தி. பவுன் அதற்கு ப போடவில்லை, மறுக்கவும் இல்லை. மகர்பட்டாவிலிருந்து வரும் கம்பெனி பஸ் நேரமாகியும் வராத நாட்களில், அந்தத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று தேஜஸ்வினியைத் திட்டுவாள். அவள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிய பிறகும், தொடங்கியதைத் திட்டி முடித்துவிட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுவாள். தெருவில் யாரும் சட்டை செய்வதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், வாளியைக் கொட்டிவிட்டு வந்தவள், ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் ஈரக்கையோடு நின்றாள்.

“ஏங்க, அன்னைக்கு நான் காப்பி போட உள்ள போன பெறகு, திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டானே, அப்ப உங்ககிட்ட அவன் என்ன சொன்னான்?”